புயல் இல்லாத படம்

முதலை வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத்தானா ஒருவன் சிரிக்க வேண்டும்?

றூபினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில், கறுப்பு வெள்ளை ஆற்றில், கப்பல் உடைந்து கரை தேடும் பெண் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறாள். பின்னால் முதலை வருகிறது. அவளுக்குத் தெரியாது... நமக்குத் தெரியும்... மூச்சு விடவே பயமாக இருக்கிறது. அந்த நேரம் பின் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடங்காமல், மூக்கு வழியாகப் பீறிட்டு வந்த சிரிப்பு.

வேறு படமென்றால் யார் காதிலும் விழுந்திருக்காது. இவையோ சினிமா பேசத் தொடங்கிய புதிதில் ஹொலிவூட்டில் எடுத்த சாகசப் படங்கள். பின்னணி இசை போட வேண்டும் என்ற எண்ணம் அப்போது பலருக்கு வரவில்லை. பேசினால் பேச்சு, சுட்டால் வெடிச்சத்தம், மற்றபடி நிசப்தம். அந்த நிசப்தத்தில் யாரோ ஒருவர் கைப்பையைத் திறந்தாலும் மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அவள் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்" என்றாள்.

இருட்டில் இரண்டு கண்ணாடி வட்டங்கள் மின்னின. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. கோணல் கண்ணாடி. றூபினியின் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. சிரித்ததையாவது மன்னிக்கலாம்... கண்ணாடியை அப்படிப் போட்டிருப்பதை எப்படி மன்னிப்பது?

காரணம் இருக்கிறது. லண்டனில், நோர்பரியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. காலையிலிருந்து மாலை வரை அவளுக்கு முன்னால் கண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. நீலக் கண், பூனைக் கண், புரை விழுந்த கண், படிக்கத் தெரிந்தும் எழுத்து தெரியவில்லை என்று சாதிக்கும் பள்ளிக்கூடக் கண். இத்தனை கண்ணைப் பார்த்தும் ஒரு கண்ணில்கூட இவள் விழவில்லையே என்பது அவளுடைய சின்னம்மா மரினாவின் தீராத கவலை. மாப்பிள்ளை தேடுவது மரினா அன்ரிக்குப் பொழுதுபோக்கு, தொழில், பக்தி எல்லாம்.

சனிக்கிழமை மட்டும் றூபினிக்கு ஒரு மணியோடு வேலை முடிந்துவிடும். இரண்டு மணிக்கு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மண்டபத்தில் இந்தப் படங்களைப் போடுவார்கள். வருபவர்கள் எல்லாம் நரைத்த தலை வெள்ளைக்காரர்கள். அவளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கும். இந்தப் படங்களில் யாரும் நின்று யோசிப்பதில்லை. பாலம் இருந்தால் கடக்கிறார்கள், பாலம் அறுந்தால் குதிக்கிறார்கள். 'வா' என்று ஒருவன் கை நீட்டினால் அவள் அந்தக் கையைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான். றூபினி வீட்டில் ஒரு சோபா மாற்றுவதென்றால்கூடக் கனடாவிலுள்ள மாமாவைக் கேட்க வேண்டும்.

படம் முடிந்ததும் வாசல் கூடத்தில் தேநீர் கொடுப்பார்கள். ஊற்றிக் கொடுப்பது மார்கரெட் என்ற வயதான பெண்மணி. வெளியே ஜனவரி மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. றூபினி கோப்பையை வாங்கித் திரும்பினால், கோணல் கண்ணாடி எதிரே நிற்கிறது. உயரமாக, ஒல்லியாக, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு. ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினான். அதற்குள் அவள் கைபேசி அடித்தது. அம்மா.

"ஓம் அம்மா... இல்லை, மழை விடட்டும்... வாறன்."

அவள் பேசி முடித்தபோது அந்த முகத்தில் மன்னிப்பு போய், ஒரு பெரிய சிரிப்பு உட்கார்ந்திருந்தது.

"அடடா. நீங்க தமிழா? அப்ப தமிழ்லயே மன்னிப்புக் கேக்கறேன். அந்த முதலையைப் பாத்ததும் தாங்க முடியலைங்க."

"முதலையில சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் விறைப்பாக.

"போன மாசம் காட்டுப் படம் ஒண்ணு போட்டாங்களே, அதுல வந்த அதே முதலை. அங்க வலப்பக்கம் நீந்திச்சு. இங்க ஃபிலிமைத் திருப்பிப் போட்டு இடப்பக்கம் நீந்த விட்டிருக்காங்க. முன்பல்லு ஒண்ணு இல்லை, கவனிச்சீங்களா? பாவம், ஒரே முதலைக்கு எத்தனை ஷிப்ட்..."

அவள் கவனிக்கவில்லை. அந்தப் படத்தையும் பார்த்திருக்கிறாள், இந்தப் படத்தை முன்பும் ஒரு தரம் பார்த்திருக்கிறாள். கண்ணையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு ஒரு முதலையின் பல் தெரியாமல் போய்விட்டது. ரோஷம் வந்தது.

"முதல்ல உங்கட கண்ணாடியைக் கழட்டித் தாங்கோ."

அவன் திகைத்தான். ஆனாலும் கழற்றிக் கொடுத்தான். கைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளியை எடுத்து, திருகாணியை இறுக்கி, காதில் மாட்டும் பக்கத்தை ஒரு வளை வளைத்து, அவளே அவன் முகத்தில் மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று பார்க்க, நிமிர்ந்து, வழக்கம்போல் கண்களைப் பார்த்தாள்.

வழக்கம்போல் இல்லை.

நல்ல கறுப்புக் கண்கள். கிட்டப்பார்வை... கொஞ்சம் களைப்பு... இவ்வளவும் தொழில் சொன்னது. அதற்கு மேல் அந்தக் கண்களில் இருந்ததைச் சொல்ல அவள் படித்த படிப்பில் பெயர் இல்லை. கண்ணாடி வாசலில் மழை வழிந்தது, அந்த வெளிச்சம் அவன் கண்ணுக்குள்ளும் வழிந்தது. கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே சற்று நேரம் ஆனது.

"இப்ப எல்லாம் நேராத் தெரியுதா?" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"தெரியுது" என்றான் அவன். அவன் வேறெங்கும் பார்க்கவில்லை.

பெயர் ஆதித்யா. ஊர் திருச்சி. இருப்பது லண்டனின் மறுகோடியில், கிங்ஸ்பரியில். பாலங்களைச் சோதிக்கும் எஞ்சினியர். ரயில் பாலத்தின் அடியில் தொங்கி, எங்கே விரிசல், எங்கே துரு என்று பார்ப்பது வேலை. சாகசப் படங்களில் எப்படியும் ஒரு கயிற்றுப் பாலம் வரும், அது எப்படியும் அறும், அதைப் பார்க்கத்தான் ரயில் மாறி மாறி இவ்வளவு தூரம் வருகிறானாம். தொழில் பக்தி என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது... கோபமாக இருக்க வேண்டும் என்பது அப்போது மறந்து போனது.

அடுத்த சனிக்கிழமை அவன் அவளுடைய வரிசைக்கு வந்தான். பக்கத்தில் உட்காரவில்லை. நடுவில் ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தான். அந்த நடு இருக்கையில் இரண்டு கோட்டுகளும் குடைகளும் இருந்தன. அதற்கு அடுத்த வாரம் கோட்டுகளின் மேல் ஒரு டப்பா ஏறியது. கை முறுக்கு.

அங்கேதான் சிக்கல். இந்த நிசப்தப் படத்தில் முறுக்கை எப்படிக் கடிப்பது? ஆளுக்கொன்றை வாயில் வைத்துக்கொண்டு, கடிக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் காத்திருந்தார்கள். திரையில் வானம் இருண்டு, மின்னல் வெட்டி, புயல் வந்ததே... இருவரும் ஒரே நேரத்தில் கடக்கென்று கடித்தார்கள். அன்று முதல் அதுவே சட்டமாயிற்று. புயல் வந்தால் கடிக்கலாம். முரசு அடித்தால் கடிக்கலாம். எரிமலை வெடித்தால் இரண்டாவதும் எடுக்கலாம். ஒரு வாரம் அவன் முறுக்கு, மறுவாரம் அவள் மொறுமொறுக்கும் பருத்தித்துறை வடை. வடமுனைக்குக் கப்பல் போகும் படத்தில் பனிப்புயல் மூன்று தரம் வந்து, பேணியே காலியாகிவிட்டது.

வாரம் முழுக்க அவள் வேலையில் சிரித்த முகமாக இருந்தாள். எதைப் பார்த்தாலும், இதைச் சனிக்கிழமை அவனிடம் சொல்ல வேண்டும் என்று மனம் முடிச்சுப் போட்டு வைத்தது. ஆனாலும் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் கேட்கட்டுமே என்று அவள்... தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று அவன்... சனிக்கிழமை இருக்கும்போது நம்பர் எதற்கு என்று இருவரும் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டார்கள்.

பெப்ரவரியில் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அம்மா றோஸ்மலர் எதற்கும் அசையாதவள். ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் றூபினிதான் நித்திரையில்லாமல் கிடந்தாள். கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தாள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லையென்றால், ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவசுகாலத்தில் எனக்கு ஆகப் பிடித்ததை விடுகிறேன். முதலில் சொக்லேற் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் புனிதர்களிடம் ஒளிக்க முடியுமா? உயிர்த்த ஞாயிறு விடியும் வரை என் கண்ணால் ஒரு படமும் பார்க்கமாட்டேன் என்று சொன்னாள். சொல்லும்போதே, தான் உண்மையில் விடுவது படத்தை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. அம்மா அன்று மாலையே மீன் குழம்பு வைத்தாள். றூபினி குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஆதித்யாவிடம் விசயத்தைச் சொன்னாள். விபூதிப் புதன் வருகிறது, அதிலிருந்து ஈஸ்டர் வரை வரமாட்டேன். அவனுக்கு விபூதிப் புதன் என்பது பெரிய ஆச்சரியம். உங்களுக்கும் விபூதியா என்று கேட்டுச் சிரித்தான். தன் அம்மா ஏகாதசிக்குச் சோற்றைத்தான் விடுவாள், சீரியலை விட்டதாகச் சரித்திரமே இல்லை என்றான். பிறகு மெல்லக் கேட்டான்.

"படத்தைத்தானே விட்டீங்க? படம் முடிஞ்சப்புறம் டீ குடிக்க வரலாமே?"

"தேத்தண்ணியும் அதுக்குள்ளதான் வரும்" என்றாள். முகம் சூடேறியது.

அவன் ஏதோ புரிந்தவன்போல் தலையாட்டினான். பிறகு, ஈஸ்டர் வரை நடு இருக்கையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அன்று குடையை மறந்து வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனவள், ஏன் சிரிக்கிறாய் என்று அம்மா கேட்டபோது, மழைக்கு என்றாள்.

எல்லாம் இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை.

தவசுகாலத்தின் நடுவே ஒரு வியாழக்கிழமை. மரினா அன்ரிக்குப் படிக்கும் கண்ணாடி மாற்ற வேண்டுமென்று அம்மாவும் அன்ரியும் கடைக்கு வந்திருந்தார்கள். கண்ணாடி ஒரு சாட்டுத்தான், வந்த காரியம் வேறு. அன்ரி தன் கைபேசியில் ஹரோவில் இருக்கும் ஒரு கணக்காளரின் படத்தோடு வந்திருந்தாள். நல்ல குடும்பம், மன்னார் ஆட்கள், பூசை தவறாதவர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

ஆதித்யா. கையில் இரண்டாக உடைந்த கண்ணாடி. மறு கையில் முறுக்கு டப்பா. பாலத்தடியில் வேலை செய்யும்போது கண்ணாடி விழுந்துவிட்டதாம். கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு, அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடி, கண்டுபிடித்து... அந்தச் சிரிப்பு சிரித்தான். அதில் ஒளிவுமறைவே இல்லை.

"படத்துக்குத்தானே வரக்கூடாது. முறுக்கு வரலாமேன்னு..." என்று டப்பாவை மேசைமேல் வைத்தான்.

மரினா அன்ரியின் புருவம் நெற்றியின் பாதிக்குப் போனது. "ஆர் பிள்ளை? தெரிஞ்ச ஆளோ?"

படங்களில் ஆற்றில் குதிப்பவர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறாள். தனக்கென்று வந்தபோது கால் எழவில்லை. இந்தியாக்காரன், வேதக்காரன் இல்லை, சைவன், சனிக்கிழமைதோறும் இருட்டில் பக்கத்தில் இருப்பவன். அன்ரிக்கு ஒரு நொடி போதும், மாலைக்குள் கனடா வரை போய்விடும்.

"இல்லை அன்ரி. கஸ்டமர்" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். பயம் நிற்க விடவில்லை. டப்பாவை அவன் பக்கம் தள்ளி, கஸ்டமரிடம் நாங்கள் சாமான் வாங்குவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவன் சிரிப்பு அணைந்ததை அவள் பார்த்தாள். கண்களைப் பார்ப்பதுதானே அவள் வேலை... பார்க்காமல் எப்படி இருப்பாள்?

"சரிங்க மேடம்" என்றான். டப்பாவை எடுத்துக்கொண்டான். கூட வேலை செய்யும் மிதுஷாதான் அவன் கண்ணாடியை ஒட்டிக் கொடுத்தாள். போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் அந்த டப்பா கதவைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகள் நீண்டன. மண்டபம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. உள்ளே போகக்கூடாது, நேர்த்தி. நம்பர் இல்லை, ரோஷம் செய்த வேலை. படம் முடியும் நேரம் வாசலில் போய் நிற்கலாம். இரண்டு தரம் தெருமுனை வரை போனாள். நின்று என்ன சொல்வது? மேடம் என்ற அந்த ஒரு சொல் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமையின் தொடக்கத்தில் மார்கரெட் கண் பரிசோதனைக்கு வந்தாள். எழுத்துப் பலகையைப் படிப்பதற்கு நடுவே ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். பாலத்துப் பையன் ஒரு வாரமும் தவறாமல் வருகிறானாம், பக்கத்து இருக்கையில் தன் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறானாம், டப்பாவைத் திறப்பதே இல்லையாம். வருகிற சனியோடு சரி, ஈஸ்டர் முடிந்ததும் வடக்கே நியூகாசிலில் அவனுக்கு வேலை தொடங்குகிறதாம்.

"அடுத்த வரியைப் படிக்கட்டுமா?" என்று மார்கரெட் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

வருகிற சனி, பெரிய சனி. நேர்த்தி முடிவது ஞாயிறு விடிய. படம் சனி பகல் இரண்டு மணிக்கு. அந்தோனியார் காணாமல் போன பொருளைத் தேடிக் கொடுப்பவர் என்று சொல்வார்கள். இவள் விசயத்தில் அவரே எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டது போலிருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில், பயத்தில் தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன சீடனின் பகுதி வாசிக்கப்பட்டது. ஆண்டுதோறும் கேட்பதுதான். இந்த ஆண்டு அந்த வாசகத்தில் சேவல் கூவியபோது றூபினிக்கு உடல் கூசியது. வழிபாட்டுக்கு முன்பே பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாள், ஒருவரைத் தெரியாது என்று பொய் சொன்னேன் என்று. குருவானவர் செபம் எதுவும் கொடுக்கவில்லை. யாரிடம் பொய் சொன்னாயோ அவர்களிடமும், யாரைப் பற்றிச் சொன்னாயோ அவரிடமும் உண்மையைச் சொல்லு, அதுதான் பரிகாரம் என்று முடித்துவிட்டார். பத்து செபம் என்றால் எவ்வளவு சுகம்.

வீட்டுக்கு வந்து, கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் எல்லாம் சொன்னாள். முதலை, கண்ணாடி, நடு இருக்கை, நேர்த்தி, பொய். றோஸ்மலர் கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"எனக்காக நேர்த்தி வச்சுப்போட்டு, எனக்கே பொய் சொன்னனியோ?"

றூபினி தலையைக் குனிந்தாள்.

"முறுக்குப் பேணியோட வந்தவன் கஸ்டமர் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். மரினாவுக்குத்தான் இன்னும் தெரியாது, அவளுக்கும் நீதான் சொல்லவேணும்." அம்மா கஞ்சியை ஊதினாள். "வேதமோ?"

"இல்லை அம்மா. சைவம். இந்தியா."

கரண்டி நின்றது. பிறகு கரண்டி மறுபடி கலக்கத் தொடங்கியது.

"அதுக்கு நாங்கள் பிறகு சண்டை பிடிப்பம், ஆறுதலா. முதல்ல அவனிட்டப் போய்ச் சொல்லு. நீ அப்பிடிச் சொன்னதில அந்தப் பெடியன்ர முகம் போன போக்கு... எனக்கு அண்டைக்கு இரவு சாப்பாடு இறங்கேல்லை."

"நாளைக்கு அவர் உள்ளுக்குப் படம் பாத்துக்கொண்டு இருப்பார். நான் பாக்க ஏலாதே அம்மா."

"அது உனக்கும் அந்தோனியாருக்கும் இடையில" என்று சொல்லிவிட்டு அம்மா கிண்ணத்தோடு எழுந்து போனாள்.

சனிக்கிழமை மழை இல்லை. மழைக்குப் பதில், அடக்க முடியாத ஏப்ரல் வெயில். வேலை முடிய நேரமாகிவிட்டது, கடைசியாக வந்த மனிதருக்கு எந்தக் கண்ணாடிச் சட்டமும் பிடிக்கவில்லை. றூபினி ஓட்டமும் நடையுமாக மண்டபத்துக்கு வந்தபோது படம் தொடங்கிவிட்டது. முடியும் வரை வாசலில் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மார்கரெட், பையன் நடுவிலேயே எழுந்து ரயிலுக்குப் போவதாகச் சொன்னானே, அவன் பெட்டி இதோ என்று காட்டினாள். தேநீர் மேசைக்குக் கீழே ஒரு பயணப் பெட்டி. பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுபவனை நிறுத்தி எதைச் சொல்வது? பெட்டிக்குக் காவலாக நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை.

உள்கதவுக்கு முன்னால் நின்றாள். நேர்த்தியை ஒரு சொல் விடாமல் நினைத்துப் பார்த்தாள். என் கண்ணால் ஒரு படமும் பார்க்கமாட்டேன்.

கண்ணால்.

றூபினி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, மார்கரெட்டிடம் கையை நீட்டினாள். விளக்கம் சொன்னபோது மார்கரெட் ஓ என்று ஒரு சொல்தான் சொன்னாள், ஆனால் அந்தக் கிழவியின் கை குளிராக இருந்தும் பிடி உறுதியாக இருந்தது. கதவு திறந்தது. இருட்டுக்குள் இருட்டாக நடந்தாள். யாரோ ஒருவருடைய காலை மிதித்தாள். முன்னால் படத்தின் கரகரப்பு, இரண்டு அமெரிக்கக் குரல்கள், கல் உருளும் சத்தம். மார்கரெட் அவளை ஓர் இருக்கையில் இருத்திவிட்டுப் போனாள். கீழே கோட்டு. நடு இருக்கை.

பக்கத்தில் ஒரு மூச்சு நின்று, மறுபடி வந்தது. கோட்டு அவளுக்கு அடியிலிருந்து மெல்ல இழுக்கப்பட்டது.

"ஈஸ்டர் நாளைக்குத்தானே" என்றது அவன் குரல், தணிந்து, கொஞ்சம் அந்நியமாக. "நேந்துகிட்டதை விட்டுட்டீங்களா?"

"இல்லை. கண் மூடியிருக்கு. வடிவாப் பாருங்கோ."

பார்த்திருப்பான். "எதுக்கு வந்தீங்க?"

சொல்ல வாயெடுத்தாள். மண்டபம் அமைதியாக இருந்தது. எத்தனை நரைத்த தலைகள் சுற்றி இருக்கின்றனவோ... ஒரு கைக்குட்டை எடுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"புயல் வரட்டும்" என்று முணுமுணுத்தாள். "அப்பச் சொல்லுறன்."

காத்திருந்தாள். கயிறு முறுகும் கிறீச் சத்தம் கேட்டது. "என்ன நடக்குது?"

அவன் தயங்கினான். ஆனால் பாலம் என்று வந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியுமா? "கயித்துப் பாலம். கீழ பள்ளத்தாக்கு. அவன் அந்தப் பக்கம் நிக்கறான். அவ இந்தப் பக்கம்."

"தாங்குமோ?"

"பலகை எல்லாம் இத்துப்போச்சு. ஆனா கயிறு நல்ல கயிறு. அவ கால் வச்சா தாங்கும். அவதான் வைக்க மாட்டேங்கறா."

"புயல் எப்ப வரும்?"

இந்த முறை பதில் வந்தபோது அந்தக் குரலில் அந்நியம் கொஞ்சம் கரைந்திருந்தது.

"இந்தப் படத்துல புயல் கிடையாதுங்க. முரசு, எரிமலை ஒண்ணும் கிடையாது. கடைசி வரைக்கும் இப்படித்தான்."

இல்லையா... புயல் இல்லையா... அப்படியானால் இதற்குள்ளேயே சொல்ல வேண்டும். இந்த நிசப்தத்துக்குள், இத்தனை காதுக்கு நடுவில். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். காலை வைத்தாள்.

"அண்டைக்கு அம்மாவுக்கு முன்னால உங்களத் தெரியாதெண்டு சொன்னது பொய். பயத்தில சொன்னனான். நேற்று அம்மாவிட்ட உண்மையைச் சொல்லிப்போட்டன். எனக்கு..." குரல் உடைந்து, உடைந்த வேகத்தில் உயர்ந்துவிட்டது. "எனக்கு உங்களில விருப்பம்."

மண்டபம் முழுவதும் கேட்டது. முன் வரிசையிலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, நாலைந்து பேர் ஒரே குரலில், "ஷ்ஷ்."

பிறகு நிசப்தம்.

இத்தனை காலம் கண்களைப் படித்துப் பிழைத்தவளுக்கு இந்த ஒரு நேரம், இந்த ஒரு சோடிக் கண்ணைப் படிக்க முடியாமல் போயிற்று. கோபமா... எழுந்துவிட்டானா... ரயிலுக்கு நேரமாகிவிட்டதா? இமைகளுக்குள் கண்ணீர் முட்டியது. திறக்கவும் முடியாது, திறக்காமல் இருக்கவும் முடியாது.

டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, லண்டனிலேயே இதுவரை யாரும் கேட்டிராத அளவுக்குப் பெரிதாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஒரு கடக்.

மறுபடியும் மண்டபம், "ஷ்ஷ்" என்றது. கொஞ்சம் கோபமாக.

பாதி முறுக்கு அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கொண்டு வந்த கை திரும்பிப் போகவில்லை.

"நியூகாசில் வேலை கோடையோட முடிஞ்சிரும்" என்றான் காதருகில். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். "சனிக்கிழமை சனிக்கிழமை ரயில் இருக்கு, ரெண்டு மணிக்குள்ள வந்துரலாம். எனக்கும் உங்களைப் பிடிச்சுதான் இருக்கு... நீங்க முதல் நாள் ஷ்ஷ்னு சொன்னப்பவே."

"இண்டைக்கு ரயில்?"

"அடுத்த ரயில் இருக்கு. அதுக்கு அடுத்ததும் இருக்கு. அவ பாலத்தைத் தாண்டறதைப் பாக்காம எப்படிப் போறது?"

திரையில் பலகை கிறீச்சிட்டது. யாரோ ஒரு பெண் மெல்ல அடி எடுத்து வைத்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவன் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின, தளர்ந்தன, இறுக்கின. கடைசியில் நீண்ட மூச்சொன்றை விட்டான். தாண்டிவிட்டாள் போலும்.

றூபினி திரை கண்ணில் படாதபடி நன்றாக, முழுக்க அவன் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

மிதுஷா ஒட்டிய கண்ணாடி மறுபடியும் கோணலாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கண்கள் நனைந்து, வெள்ளை வெளிச்சம் ததும்ப, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கை தன்னாலே கைப்பைக்குள் திருப்புளியைத் தேடியது, பிறகு இருக்கட்டும் என்று விட்டது. விளக்கு போடும் வரை அவள் அந்தக் கண்களைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நேர்த்திக்கு ஒரு குறையும் வரவில்லை.